கிளென் அஃப்ரிக்: காரில் போவதா, நடந்து போவதா?

ஸ்காட்லாந்தின் ஹைலாண்ட்ஸ் பக்கம் போகிறோம், கிளென் அஃப்ரிக் பள்ளத்தாக்கைக் காரில் பார்த்தால் போதுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இரண்டு விதமாகவும் போயிருக்கிறேன். முதல் முறை மே மாதத்தில் காரில். அடுத்த முறை செப்டம்பரில், மேற்குப் பக்கத்திலிருந்து நடந்து. என் ஓட்டு நடைக்குத்தான்.

கார் வழி சுலபம். இன்வர்னஸிலிருந்து கேனிக் கிராமத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அங்கிருந்து சுமார் 18 கிலோமீட்டர் ஒற்றைத் தடச் சாலை. எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடம் பார்த்து நின்று வழிவிட வேண்டும். பெட்ரோலை முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள். செல்போன் சிக்னலை நம்ப வேண்டாம். வழியில் டாக் ஃபால்ஸ் அருவி. அப்புறம் பெனவீன் ஏரி. 1950களின் நீர்மின் திட்டத்துக்காக அணை கட்டித் தேக்கிய நீர் அது. மட்டம் இறங்கினால் கரையோரம் வெளிறிய கல்வரிசை தெரியும். சாலை முடிகிற கார் பார்க்கிலிருந்து ஆற்றோரமாக ஒரு மணி நேரம் நடந்தாலே நல்ல பைன் மரங்களைப் பார்த்துவிடலாம். பெரியவர்களும் சின்னக் குழந்தைகளும் கூட இருந்தால் இதுவே போதும், நிறைவாகவும் இருக்கும்.

ஆனால் காரில் போனால் ஒரு கணக்கு நம்மைக் கட்டிப்போடுகிறது: திரும்பும் தூரம். எவ்வளவு தூரம் போனாலும் இருட்டுவதற்குள் அதே இடத்துக்கு வந்தாக வேண்டும். கார் பார்க்கிலிருந்து அஃப்ரிக் ஏரியை ஒரு சுற்று சுற்றி வர 18 கிலோமீட்டர், ஐந்தாறு மணி நேரம். ஏரியின் மேற்கு முனையைத் தாண்டினால் ஆத்னமுல்லாக். முதல் முறை நானும் மனைவியும் அங்கே நின்று கடிகாரத்தைப் பார்த்தோம். “இதுக்கு மேல போனா திரும்புறதுக்குள்ள இருட்டிடும்” என்றாள். திரும்பிவிட்டோம்.

பள்ளத்தாக்கு மாறுவதே அந்த இடத்தில்தான் என்பது அடுத்த ஆண்டு நடந்தபோதுதான் புரிந்தது. அதுவரை ஏரியின் இரு கரையிலும் ஸ்காட்ஸ் பைன் காடு. ஒரு காலத்தில் ஹைலாண்ட்ஸில் பரந்து கிடந்த ஆதிக் காட்டின் மிச்சம் அது. ஆத்னமுல்லாக்குக்கு மேற்கே மரமே அருகிவிடும். வெறும் புல்லும் ஹெதர் புதரும் மொட்டை மலையும். ஆனால் கரிய சேற்று மண் அரித்துப்போன ஓடைக்கரையில் குனிந்து பார்த்தால், பழைய பைன் வேர்க்கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். ஈரத்தில் ஊறி, மேலே வெளுத்து, நார் நாராகப் பிரிந்திருந்தாலும் உள்ளே கெட்டியாக இருந்தது. இங்கேயும் காடு இருந்திருக்கிறது. முளைக்கிற கன்றுகளை மானும் ஆடும் மேய்ந்தே மறுபடி தழைக்க விடவில்லை. அங்கங்கே ஆளுயரத்துக்கு மேல் மான் வேலி போட்டிருக்கிறார்கள். வேலிக்கு உள்ளே இளம் மரங்கள், வெளியே வெறும் புல். கம்பிக்கு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தபடி வெகு நேரம் நின்றேன். 1951-இல் வனத்துறை இந்த எஸ்டேட்டை வாங்கியதிலிருந்து நடந்துவரும் மீட்புப் பணி என்ன என்பது அந்த வேலியோரத்தில்தான் எனக்கு விளங்கியது.

நடை வழி இப்படி: இன்வர்னஸிலிருந்து ஸ்கை தீவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறி ஷீல் பிரிட்ஜில் இறங்கினேன். மோர்விக் வழியாக கிளென் லிக்ட் பள்ளத்தாக்கில் நடை. வலப் பக்கம் ‘ஐந்து சகோதரிகள்’ மலைத்தொடர் கூடவே வந்தது. பள்ளத்தாக்கின் தலைமாட்டில் செங்குத்தான ஏற்றம், அதன் பிறகு கேம்பன் என்ற கல் குடிசை. அங்கே கதவு பூட்டுவதில்லை, யாரும் ஒதுங்கலாம். அந்தப் பக்கத்தில்தான் நீர் பிரிகிறது: மேற்கே விழும் மழை அட்லாண்டிக்குக்கு, கிழக்கே விழுவது வடகடலுக்கு. இரவு ஆல்ட்பே விடுதியில் தங்கினேன். பிர்ச் மர ஓடை என்று பொருள். பொதுச் சாலையிலிருந்து 13 கிலோமீட்டர் உள்ளே இருக்கிற யூத் ஹாஸ்டல் அது. சாப்பாட்டை நாமே சுமந்து போக வேண்டும், குப்பையையும் நாமே சுமந்து வெளியே கொண்டுவர வேண்டும். மறுநாள் காலை கிழக்கே நடந்து, மொட்டை மலையை விட்டு முதல் பைன் மரத்தடிக்கு வந்து சேர்ந்தபோது மனசு நிறைந்துவிட்டது. அடிமரம் சாம்பல் நிறத்தில் வெடித்த பாளம் பாளமாக, உச்சிப் பக்கம் செங்காவி.

இந்த வழியின் சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். கால் நனையும், உளையில் பூட்ஸ் புதையும். மழை வலுத்தால் ஓடைகள் ஏறிவிடும்; அன்று கடக்காமல் இருப்பதே உத்தமம். கிழக்கு முனையில் அழைத்துவர ஆள் வேண்டும். எனக்காக மனைவி கார் பார்க்கில் காத்திருந்தாள். கோடையில் மிட்ஜ் என்னும் பொடிக் கொசு மொய்க்கும் என்கிறார்கள். நான் போன இரண்டு மாதங்களிலும் அவ்வளவாகப் படவில்லை, ஆகவே ஜூலையில் போகிறவர்கள் என் பேச்சை வைத்து முடிவு செய்ய வேண்டாம். பனிக்காலத்தில் நான் போனதே இல்லை.

காரை விட மனசில்லாதவர்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. கார் பார்க்கில் வண்டியை விட்டுவிட்டு, ஏரியின் தென்கரைத் தடத்தில் ஆல்ட்பே வரை நடந்து, ஓர் இரவு தங்கி, மறுநாள் வடகரைப் பாதையில் திரும்புங்கள். ஒரு நாளில் திரும்பியாக வேண்டும் என்ற நெருக்கடி போய்விடும். விடுதி ஆண்டு முழுக்கத் திறந்திருப்பதில்லை. அதனால் முதலில் அங்கே படுக்கையைப் பதிவு செய்துவிட்டு, அப்புறம் லீவு போடுங்கள்.