டோவர் கப்பலா, கடலடி ரயிலா? காரோடு பரிஸ் போகிறவர்களுக்கு

லண்டனில் இருந்து சொந்தக் காரில் பரிஸ் போவதற்கு வழக்கமாக இரண்டு வழிதான். டோவரில் கப்பலில் ஏற்றி கலேயில் இறக்கலாம், இல்லையென்றால் ஃபோக்ஸ்டனில் ரயிலில் ஏற்றிக் கடலுக்கு அடியால் போகலாம். அண்ணா குடும்பம் பரிஸில் லாச்சப்பலுக்குக் கிட்ட இருப்பதால் வருடத்தில் ஒரு தடவையாவது போய் வருகிறோம். கப்பலில் மூன்று தடவை போயிருக்கிறேன், மற்றதெல்லாம் ரயில். இனிமேலும் ரயில்தான். வீட்டில் வயதானவர் ஒருவர் கூட வருகிறார் என்றால் நீங்களும் ரயிலையே எடுங்கள்.

சுரங்கத்துக்குள் நாமே கார் ஓட்டலாம் என்று நினைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது முழுக்க ரயில் பாதை. 1994இல் திறந்தது, நீளம் 50 கிலோமீட்டர், அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கு அடியில். காரை நேராக ரயில் பெட்டிக்குள் ஓட்டி ஏற்றி, ஹேண்ட்பிரேக் இழுத்து, கியரில் போட்டு, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு இருந்தால் 35 நிமிடத்தில் பிரான்ஸ்.

கப்பல் ஒன்றரை மணி நேரம். காசு பெரும்பாலும் கப்பலில்தான் குறைவு, பள்ளிக்கூட விடுமுறையில் இரண்டுமே ஏறிவிடும். ரயிலில் காருக்குத்தான் டிக்கெட், ஒன்பது பேர் வரை அதற்குள் அடங்கும். பாஸ்போர்ட் சோதனையில் வித்தியாசம் இல்லை, இரண்டு இடத்திலும் பிரெஞ்சு அதிகாரிகள் இந்தக் கரையிலேயே பார்த்துவிடுவார்கள். மட்டன் ரோல்ஸ் கட்டிக்கொண்டு போகும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பிரெக்ஸிட்டுக்குப் பிறகு இறைச்சியும் பால் சாமானும் எந்த வழியாலும் கொண்டுபோக முடியாது.

நான் ரயில் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் இதொன்றும் இல்லை. ரயிலில் காரை விட்டு யாரும் இறங்கவே வேண்டாம், அதுதான்.

முதல் தடவை கப்பலில் போனது விடியப்புறம். பிள்ளைகள் இரண்டும் பின் சீட்டில் நல்ல நித்திரை. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்தது, நாலு படி ஏறினாலே நின்று மூச்சு வாங்குவார். கப்பல் கிளம்பினால் கார்த் தளத்தைப் பூட்டிவிடுவார்கள், ஒருவரும் காருக்குள் இருக்கக்கூடாது. எங்களை நிறுத்த விட்ட இடத்தில் இருந்து லிஃப்ட் மறு கோடியில். கார்களுக்கு இடையில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுதான் இடைவெளி, ஈர இரும்புத் தரை, தடுக்குவதற்கு அங்கங்கே கொக்கிகள். கடைசியில் சின்னவனை நான் தூக்க, பெரியவள் அழுதுகொண்டே நடக்க, அம்மா மனைவியின் கையைப் பிடித்தபடி படியால்தான் ஏறினார். கலே வந்ததும் அதே படி இறக்கம், இந்த முறை எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்குகிற நெரிசலில். நாங்கள் காரைக் கண்டுபிடித்து அம்மாவை இருத்துவதற்குள் முன்னால் நின்ற வரிசை போய்விட்டது, பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். அன்று பரிஸ் போய்ச் சேரும் மட்டும் அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வருடம் கூப்பிட்டபோது "நான் வரேல்லை, நீங்கள் போட்டு வாங்கோ" என்றார்.

டிக்கெட் காட்டும் இடத்திலேயே நடக்க ஏலாத ஆள் இருக்கிறார் என்று சொன்னால் லிஃப்டுக்குக் கிட்ட நிறுத்த வைப்பார்கள், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் தடவை அப்படிச் சொல்லிப் போனோம், எவ்வளவோ சுகம். ஆனாலும் இறங்கி ஏறுவது இறங்கி ஏறுவதுதான். ரயிலில் அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு முன் சீட்டில் காலை நீட்டியபடியே வருகிறார், பிள்ளைகள் கண் விழிப்பதே பிரான்ஸில்தான். ஒன்று மட்டும், ரயிலில் எல்லாப் பெட்டியிலும் கழிப்பறை கிடையாது. ஏறுவதற்கு முன் டெர்மினல் கட்டடத்தில் போய்விட்டு வந்துவிடுங்கள்.

கப்பலுக்கும் நியாயம் இருக்கிறது. ஓட்டுகிறவருக்கு ஓய்வு வேண்டுமென்றால் கப்பல்தான். ரயிலில் என்றால் 35 நிமிடத்தில் கண் மூடித் திறப்பதற்குள் வலப்பக்கச் சாலையில் ஓட்டத் தொடங்கிவிட வேண்டும். ஜெர்மனி, சுவிஸ் என்று தூரம் போகிறவர்கள் ஒன்றரை மணி நேரம் காலாற நடந்து சாப்பிட்டுப் போவது நல்லது. பெல்ஜியம் பக்கம் என்றால் டன்கெர்க் போகும் கப்பலும் இருக்கிறது. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைகள் மெல்ல மெல்லப் பின்னால் போவதை மேல்தளத்தில் நின்று பார்ப்பது சுரங்கத்தில் கிடைக்காது, அதை என் பிள்ளைகள் இன்னும் கேட்கிறார்கள். எல்பிஜி காஸில் ஓடும் கார் என்றால் ரயிலில் ஏற்றமாட்டார்கள், அப்போது கப்பலை விட வேறு வழியில்லை.

கடும் காற்றில் கப்பல் தாமதிக்கும், நிற்கவும் செய்யும். எனக்கு வாய்த்த மூன்று தடவையும் அமைதியான கடல், அதனால் தலைசுற்று, வாந்தி பற்றி அனுபவமாக எழுத ஒன்றுமில்லை. ரயிலுக்குக் காற்றும் அலையும் பிரச்சினை இல்லை, ஆனால் அதுவும் நிற்கும். 2008இல் லாரிகள் ஏற்றும் ரயிலில் தீப்பிடித்து, சுரங்கம் முழுதாக ஓடத் தொடங்க அடுத்த வருடம் பெப்ரவரி ஆனது. 2022 ஓகஸ்டில் கார் ரயில் ஒன்று பழுதாகி, பயணிகள் நடுவில் இருக்கும் சேவைச் சுரங்கத்துக்குள் இறங்கி நடக்க வேண்டி வந்தது. அம்மாவை வைத்துக்கொண்டு அப்படி ஒரு நாள் வந்தால் என்ன செய்வேன் என்று நானும் யோசித்திருக்கிறேன். எனக்கு இதுவரை நடக்கவில்லை, இதை மனதில் வைத்து நீங்கள் முடிவெடுங்கள்.

அம்மா முதலில் ரயிலுக்கும் மறுத்தார். கடலுக்குக் கீழே என்றதும் பயம். தண்ணீருக்குள் குழாய் போட்டதல்ல, கடலின் அடித்தரைக்கும் கீழே சுண்ணாம்புக் களிமண் பாறையைக் குடைந்தது என்று சொல்லித்தான் ஏற்றினேன். உள்ளே போனதும் பார்க்க ஒன்றுமில்லை, பெட்டியின் வெளிச்சமும் ஒரு இரைச்சலும்தான். "எப்ப கடல் வரும்?" என்று கேட்டவரிடம், வந்துவிட்டது அம்மா, அந்தப் பக்கம் ஏறப்போகிறோம் என்றேன்.

இப்போது அவர் இல்லாமல் போவதில்லை. நம்முடைய கார் வலப்பக்க ஸ்டியரிங், பிரான்ஸில் சுங்கச்சாவடி இயந்திரம் இடப்பக்கம், அதனால் கலேயில் இருந்து பரிஸ் வரை கண்ணாடியை இறக்கி டிக்கெட் இழுப்பதும் கார்ட் வைப்பதும் முன் சீட்டில் இருக்கும் அம்மாவின் வேலை.