ஸ்லோப் கணக்கில் விட்டுப்போன காற்று: ஆல்ப்ஸ் மலையில் என் ரேஞ்ச்ஃபைண்டர்

கோல்ஃபில் தூரம் அளக்க உதவும், ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப அதைத் திருத்திக் காட்டும் ஸ்லோப் வசதியுள்ள இந்த லேசர் ரேஞ்ச்ஃபைண்டரின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். சில சீசன்களாக சுவிட்சர்லாந்தின் க்ரான்-சுர்-சியேர் மைதானத்தில் இதை வைத்துத்தான் ஆடுகிறேன். லென்ஸ் அருமை. பின்னால் ஸ்ப்ரூஸ் மரங்கள் அடர்ந்து நின்றாலும் கொடிக்கம்பத்தைச் சரியாகப் பிடித்து, கையில் ஒரு அதிர்வு கொடுக்கும். மழையில் நன்றாக நனைந்தும் ஒன்றும் ஆகவில்லை. பட்டன் ஒட்டிக்கொண்டதால் ஒருமுறை சர்வீஸுக்குப் போனது, சரியாகித் திரும்பி வந்தது.

என் கோபமெல்லாம் அந்த ஸ்லோப் எண்ணின் மேல்தான். கிரீன் (குழி இருக்கும் புல்தரை) 150 மீட்டர் தள்ளி, 12 மீட்டர் கீழே இருந்தால் கிட்டத்தட்ட 138 என்று காட்டும். கோணத்தை வைத்துப் போடும் கணக்கு, அதில் குறையில்லை. ஆனால் இந்த மைதானம் ரோன் பள்ளத்தாக்குக்கு மேலே, சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. கடலோரத்தில் அயர்ன் மட்டையால் 138 மீட்டர் போகும் அடி இங்கே பத்து மீட்டர் கூடவே போகும். கிரீனுக்குப் பின்னால் சரிவு இருந்தால் பந்து போனது போனதுதான்.

தூரம் மட்டும்தான் பிரச்சினை என்றால் மனக்கணக்கில் கழித்துவிடலாம். மெல்லிய காற்றில் பந்தை மேலே தூக்கும் விசையும் குறைகிறது. பந்து தாழப் பறந்து, சாய்வாக விழுந்து, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடுகிறது. (ஒரு நன்மை, ஸ்லைஸ், அதாவது பக்கவாட்டில் வளைந்து போகும் அடி, அவ்வளவாக வளையாது.) தூரம் அடிக்கும் லாங் அயர்னுக்கு வித்தியாசம் பெரிது, கிட்டத்து அடிக்கான வெட்ஜுக்குக் கொஞ்சம். அப்புறம் வெப்பநிலை. செப்டம்பர் காலையில் விரல் விறைக்கும், மதியம் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டியிருக்கும். குளிர்ந்த காற்றுக்கு அடர்த்தி அதிகம் என்பதால் காலையில் போட்ட கணக்கு மதியத்துக்கு உதவாது. திரையில் மட்டும் எப்போதும் அதே 138. உயரத்தையும் வெப்பநிலையையும் சேர்த்துக் கணக்கிடும் கருவிகள் சந்தையில் இருக்கும்போது, இந்த விலைக்கு இதில் ஏன் அதைச் செய்யவில்லை?

போட்டிகளில் ஸ்லோப்பை அணைத்துவிட வேண்டும். 2019 முதல் விதிகள் தூரம் அளப்பதைப் பொதுவாக அனுமதிக்கின்றன, ஏற்ற இறக்கத்தை அளக்க விடுவதில்லை. அப்படி அணைத்துவிட்டு ஆடும் நாட்களில்தான் என் கிளப் (மட்டை) தேர்வு நன்றாக இருக்கிறது. தூரத்தை மட்டும் தெரிந்துகொண்டு, சரிவையும் குளிரையும் நானே பார்த்து முடிவு செய்கிறேன். 1993-ல் இங்கே 18-வது ஹோலில், சுவரை ஒட்டி மாட்டிக்கொண்ட பந்தை ஸ்பெயின் வீரர் பாயெஸ்தெரோஸ் வெட்ஜால் மரக்கிளைகளுக்கு அடியில் சுவரைத் தாண்டி அடித்தார். அடுத்த அடியில் குழிக்குள் போட்டு பேர்டி (குறித்த அடிகளைவிட ஒன்று குறைவு) எடுத்தார். அந்த இடத்தில் நினைவுப் பலகை இருக்கிறது. கண்ணும் கையும் அளந்த அளவு அது.

சரி, நண்பருக்குப் பதில். சமவெளியில் ஆடுபவர் தாராளமாக வாங்கலாம், இந்த விலைக்கு இதைவிட நல்ல லென்ஸ் நான் பார்த்ததில்லை. நீங்கள் ஆடப்போவது மலையில், அதனால் வாங்காதீர்கள். ஸ்லோப்பே இல்லாத மலிவான மாடல் போதும். மிச்சப் பணத்தில் இங்கே இன்னும் சில ரவுண்டுகள் ஆடி, ஒவ்வொரு கிளப்பும் எவ்வளவு போகிறது என்று காலையில் ஒன்று, மதியம் ஒன்று எனத் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.