அரை கிளட்ச், டம்ப், டூ-ஸ்டெப்: மேனுவல் டர்போவை டிராக்கில் கிளப்ப எது தோது?

நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் பாயும் டிராக் ரேஸில் கால் மைல் என்றால் 402 மீட்டர். ஆனால் மேனுவல் கியர் டர்போ கார் எப்படி ஓடப்போகிறது என்பது முதல் 60 அடியில், அதாவது சுமார் 18 மீட்டருக்குள், பெரும்பாலும் முடிவாகிவிடும். டிராக்கில் கையில் தரும் நேரச் சீட்டில் 60 அடிக்குத் தனியாக ஒரு வரி போட்டிருப்பது சும்மா இல்லை. அங்கே பத்தில் ஒரு நொடி மிச்சமானால் கடைசிக் கோட்டில் ஏறக்குறைய அதில் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை மிச்சமாகும் என்பது டிராக் ஓட்டுபவர்கள் வழக்கமாகப் போடும் கணக்கு.

டர்போ மேனுவலின் தலைவலி எங்கே தொடங்குகிறது? டர்போ சுற்ற எக்ஸாஸ்ட் வாயு வேண்டும். அது நிறைய வர இன்ஜின் மீது சுமை வேண்டும். நின்ற இடத்தில் எவ்வளவு ரேஸ் பண்ணினாலும் பூஸ்ட் (டர்போ இன்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம்) காட்டும் மீட்டர் பெரிதாக அசையாது, ஏனென்றால் சுமையில்லாத இன்ஜின் கொஞ்சம் காற்றிலேயே சுற்றிவிடும். ஆட்டோமேட்டிக்காரர் பிரேக்கை அழுத்திக்கொண்டே ஆக்ஸிலரேட்டரைக் கொடுத்தால் டார்க் கன்வெர்ட்டர் அந்தச் சுமையைத் தந்துவிடும். மேனுவலில் இதற்கு ஒரு வழி தேட வேண்டியிருக்கிறது. நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன.

அரை கிளட்ச்

3,000 முதல் 4,000 ஆர்பிஎம்முக்குள் இன்ஜினைப் பிடித்து வைத்து, கிளட்ச் பிடிக்கும் இடம் வரை பெடலை விட்டு, ஒரு நொடி போல அங்கேயே வழுக்கவிட்டு, அதற்குள் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்துவிடுவது. இதில் பலர் கவனிக்காத நன்மை ஒன்று உண்டு. வழுக்கும் கிளட்சே இன்ஜினுக்குச் சுமையாகிறது, அதனால் கார் நகர நகர பூஸ்ட் ஏறும். டயருக்கும் விசை கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போகும். சக்கரம் சுற்றத் தொடங்கினால் காலாலேயே சரிசெய்துவிடலாம். சாதாரண ரோடு டயரில் ஓட்டுபவருக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

விலையைக் கொடுப்பது கிளட்ச். வழுக்கும் நேரமெல்லாம் சூடு ஏறும். கம்பெனி கொடுத்த ஆர்கானிக் தட்டு அதிகம் சூடானால் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளத்து, அப்புறம் சரியாகப் பிடிக்காது. கருகல் வாடை வந்த பிறகும் அடுத்த ஓட்டத்துக்கு உடனே வரிசையில் நிற்பது வீண் வேலை, ஆறவிடுங்கள். இன்னொன்று, சில கார்களில் கிளட்ச் ஹைட்ராலிக் குழாயில் ஓட்டத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கும். நீங்கள் காலை எடுத்த வேகத்தில் கிளட்ச் பிடிக்காது. அப்படிப்பட்ட காரில் எவ்வளவு பழகினாலும் கணிப்பு தப்பும்.

டம்ப்

ஆர்பிஎம்மை ஏற்றிவிட்டு, பெடலிலிருந்து காலைப் பக்கவாட்டில் சட்டென்று எடுத்துவிடுவது. பார்க்க வீரம்தான். இதில் வேலை செய்வது பூஸ்ட் இல்லை, இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கனமான ஃப்ளைவீலில் சேர்த்துவைத்த சுழற்சி சக்தி. அது ஆர்பிஎம்மின் வர்க்கத்துக்கேற்ப ஏறும், 3,000-இல் இருப்பதைப் போல நான்கு மடங்கு 6,000-இல் இருக்கும். அத்தனையும் ஒரே அடியில் எங்கோ போய் விழ வேண்டும்.

எங்கே விழுகிறது என்பதுதான் இரண்டு வழிக்கும் உள்ள உண்மையான வித்தியாசம். அரை கிளட்சில் கிளட்ச் தாங்குகிறது. டம்ப்பில் கிளட்சுக்குச் சூடு குறைவு, அதனால் டயர் தாங்க வேண்டும். டயர் வழுக்க மறுத்தால் ஆக்ஸில், டிஃபரன்ஷியல், கியர் பற்கள் தாங்க வேண்டும். ரோடு டயர் போட்ட ரியர் வீல் டிரைவ் காரில் டம்ப் செய்தால் புகை வரும், நேரம் வராது. ஸ்லிக் (வெட்டில்லாத ரேஸ் டயர்) போட்டு, காற்றழுத்தத்தைக் குறைத்து, பலமான ஆக்ஸிலும் மாட்டியிருந்தால் கதை வேறு, அங்கே டம்ப் ஜெயிக்கும். ஆல் வீல் டிரைவில்தான் பயம். நான்கு சக்கரமும் பிடித்துக்கொள்வதால் அதிர்ச்சி நேராக கியர்பாக்ஸுக்குள் போகும். பழைய சுபாரு டபிள்யூஆர்எக்ஸின் ஐந்து கியர் பாக்ஸ் ரசிகர்கள் நடுவே பெயரைக் கெடுத்துக்கொண்டது இந்த மாதிரிக் கிளப்பல்களால்தான்.

டூ-ஸ்டெப்

இது இரண்டாவது ஒரு ரெவ் லிமிட்டர், அதாவது ஆர்பிஎம்முக்குப் போடும் உச்சவரம்பு. கிளட்ச் மிதித்து கார் நிற்கும்போது, ஆக்ஸிலரேட்டரைத் தரை வரை அழுத்தினாலும் நீங்கள் குறித்த ஆர்பிஎம்மைத் தாண்டவிடாது. பெரும்பாலும் ஸ்பார்க்கை இடையிடையே வெட்டிக் கட்டுப்படுத்தும். ஸ்பார்க் விழும் டைமிங்கையும் பின்தள்ளி வைத்தால் எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் போய் எரியும். அந்தச் சூடும் விரிவும் டர்போவைச் சுழற்றிவிடும். நின்ற இடத்திலேயே பூஸ்ட்! அந்தப் படபட வெடிச்சத்தத்துக்காகவே இதை மாட்டுபவர்கள் உண்டு. எக்ஸாஸ்ட் வால்வும், டர்பைனும், கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் அந்தச் சத்தத்துக்கு வாடகை கட்டுகின்றன.

ஆனால் டூ-ஸ்டெப் கால் வேலையை எடுத்துவிடாது. லிமிட்டரில் நிற்கும் இன்ஜினிலிருந்தும் கிளட்சை எப்படியாவது விட்டுத்தான் ஆக வேண்டும், அரையாகவா சட்டென்றா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. என் பார்வையில் அதன் பெரிய லாபம் பூஸ்ட்கூட இல்லை. ஒவ்வொரு முறையும் அதே ஆர்பிஎம்மில் கிளம்பலாம் என்பதுதான். முன்கூட்டியே நேரத்தைக் குறித்துக்கொடுத்து ஓடும் பிராக்கெட் ரேஸில் வேகத்தைவிட அந்த ஒழுங்கு முக்கியம்.

ஃப்ரன்ட் வீல் டிரைவ் காரில் இதைக் கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும். கிளம்பும்போது எடை பின்னால் சாயும். ஓட்டும் சக்கரம் முன்னால் இலேசாகும். அந்த நேரத்தில் முழு பூஸ்ட் கொடுப்பது சக்கரத்தைச் சுற்றவைக்க நீங்களே ஏற்பாடு செய்த மாதிரி. லிமிட்டரைத் தாழ்வாக வைத்து, முதல் கியரில் பூஸ்ட்டையும் குறைத்து வைக்க இன்ஜினின் கணினியான இசியூ இடம்கொடுத்தால் அதுதான் நல்லது. ஆல் வீல் டிரைவுக்கு டூ-ஸ்டெப் நன்றாகப் பொருந்தும். மிதமான ஆர்பிஎம், கொஞ்சம் பூஸ்ட், மிகச் சின்ன வழுக்கல். கியர்பாக்ஸும் பிழைக்கும், இன்ஜினும் படுத்துவிடாது.

ஹேண்ட்பிரேக்கைப் போட்டுக்கொண்டு கிளட்சை வழுக்கி பூஸ்ட் ஏற்றுவதும் சிலர் செய்வதுண்டு. கிளட்ச் மாற்றும் ஆசை இருந்தால் செய்யலாம்.

எந்த வழியானாலும் கிளம்பும் விளக்கைத் தெரிந்துகொண்டால் பாதி அவசரம் போய்விடும். ஓட்ட நேரம் பச்சை விழுந்ததும் ஓடத் தொடங்குவதில்லை. உங்கள் முன் டயர் கிளம்பும் கோட்டில் உள்ள ஸ்டேஜ் ஒளிக்கதிரை விட்டு நகர்ந்ததும்தான் தொடங்கும். ரியாக்‌ஷன் நேரம் தனிக் கணக்கு. ஆகவே நேரம் பார்க்க மட்டும் வந்தவர் பச்சைக்குப் பாய வேண்டியதில்லை, கிளட்ச் சரியாக இருக்கும் நொடியில் கிளம்பினால் போதும். சாதாரண மரத்தில் (விளக்குக் கம்பத்தை இப்படித்தான் சொல்வார்கள்) மூன்று மஞ்சள் விளக்குகளும் அரை நொடி இடைவெளியில் இறங்கும். முதல் மஞ்சளில் டூ-ஸ்டெப்பில் ஏறினால் பூஸ்ட் வர ஒரு நொடிக்கு மேல் கிடைக்கும். அதற்கு முன்பே வெடிக்கவிட்டு நிற்பதில் பயனில்லை. மூன்றும் ஒன்றாக எரிந்து 0.4 நொடியில் பச்சை விழும் புரோ மரத்தில் அந்த அவகாசம் கிடையாது.

ரோடு டயரில் இருப்பவர் டயரைச் சுழற்றிச் சூடாக்கும், தண்ணீர் தேங்கிய பர்ன்அவுட் இடத்தைச் சுற்றிக்கொண்டு வாருங்கள். டயரின் வெட்டுகளில் ஏறிய தண்ணீர் கிளம்பும் கோட்டில்தான் சொட்டும்.

சக்கரம் சுற்றினால் முதலில் கிளம்பும் ஆர்பிஎம்மை 500 போல இறக்குங்கள், இன்ஜின் படுத்தால் அதே அளவு ஏற்றுங்கள். ஒரு ஓட்டத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கடைசிக் கோட்டு வேகம் நன்றாக இருந்து 60 அடியும் மொத்த நேரமும் மட்டும் மோசம் என்றால் இன்ஜின் டியூனைத் தொடாதீர்கள், கோளாறு இடது காலில் இருக்கிறது.