மாலுமி உடைக்கு எந்தக் கால்சட்டை?

பெர்லினில் படிக்கும் பேரனுக்குப் பள்ளி நாடகத்தில் 1910-ஆம் ஆண்டுச் சிறுவன் வேடம். அந்தக் காலத்து ஜெர்மன் நடுத்தரக் குடும்பத்துப் பையன் என்றால் மாலுமி உடைதான். மேல்சட்டையில் எனக்குக் குழப்பம் வரவில்லை. கருநீலம், முதுகில் சதுரமாக விழும் காலர், அதன் ஓரத்தில் மூன்று வெள்ளைக் கோடுகள், மார்பில் கறுப்புப் பட்டு முடிச்சு. கடற்படைத் துறைமுகமான கீல் நகரின் பெயரைச் சேர்த்து ‘கீலர்’ சட்டை என்றே அங்கே சொல்வார்கள். கத்தரிக்கோலை எடுத்த கை நின்றது கால்சட்டையில். இதே மேல்சட்டைக்குக் கீழே மூன்று வகை புழங்கியிருக்கிறது: கணுக்கால் வரை விரியும் பெல்பாட்டம், முட்டிக்குக் கீழே எலாஸ்டிக் போட்டு உப்பலாக நிற்கும் பம்ப்ஹோசெ, முட்டியளவில் நேராக வெட்டி விட்ட திறந்த கால்சட்டை. நான் தைத்தது மூன்றாவதை. மறுபடி தைக்கச் சொன்னாலும் அதையேதான் தைப்பேன்.

வம்சம் பார்த்தால் பெல்பாட்டத்துக்குத்தான் முதல் மரியாதை. 1846-இல் விக்டோரியா மகாராணியின் மூத்த மகன் ஆல்பர்ட் எட்வர்டுக்கு, நான்கு வயதில், கடற்படை மாலுமியின் சீருடையைச் சின்ன அளவில் தைத்துப் போட்டார்கள். விண்டர்ஹால்டர் அதை ஓவியமாகவும் தீட்டினார். வெள்ளைப் பெல்பாட்டம், தலையில் தொப்பி, கால்சட்டைப் பைக்குள் கைகள். படத்திலேயே பையனின் மிடுக்கு தெரிகிறது. ஐரோப்பிய அரண்மனைகள் அந்த மோகத்தைப் பிடித்துக்கொண்டன. அந்தப் பையனின் அக்காள் மகன்தான் பின்னாளில் ஜெர்மனியின் கைசரான இரண்டாம் வில்ஹெல்ம். 1898-லும் 1900-லும் சட்டம் போட்டுத் தாய்மாமன் நாட்டோடு போர்க்கப்பல் போட்டியில் இறங்கியவர். தம் பிள்ளைகளுக்கு அவர் உடுத்தியதும் மாலுமி உடையே. கப்பற்படைப் பெருமிதம் பரவப் பரவ, கடலையே பார்த்திராத ஊர்ப் பையன்களின் தோளிலும் அந்தக் காலர் ஏறியது.

மாலுமிக்குப் பெல்பாட்டம் பொருந்தும். தளத்தைக் கழுவும்போது முட்டிக்கு மேல் சுலபமாகச் சுருட்டிக்கொள்ளலாம். ஓடுகிற பையனுக்கு அது தொல்லை. விரிந்த விளிம்பைக் குதிகால் மிதிக்கும், மழைநாளில் சேறு ஏறும், ஆறு மாதத்தில் கணுக்கால் எட்டிப்பார்க்கும். இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்றே ஒன்று: முட்டி கிழிந்தால் அதற்கு மேலே வெட்டி அரைக்கால் சட்டையாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதற்காகவா அவ்வளவு துணி வாங்குவது?

பம்ப்ஹோசெ என்னைச் சற்றுத் தடுமாற வைத்தது. பார்க்க அழகு. வளரும் பிள்ளைக்கு அதைப்போல் இடம் கொடுக்கும் வெட்டு வேறில்லை. உப்பலுக்குள் மிச்ச நீளம் ஒளிந்திருப்பதால், பையன் இரண்டு அங்குலம் வளர்ந்தாலும் வெளியே தெரியாது. மடிப்பைப் பிரிக்கும் வேலையும் இல்லை. எலாஸ்டிக்கை இறுக்கி வைத்தால் காலில் தடம் பதியும், தளர்த்தினால் உப்பல் சரிந்து கெண்டைக்காலில் தொங்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

பொறுக்க முடியாதது முட்டி. பையன்களின் உடையில் முதலில் சாவது அந்த இடம்தான். பம்ப்ஹோசெ முட்டியை மூடுகிறது. மண்டியிட்டால் தரையில் தேய்வது கால்சட்டைத் துணி. தேய்ந்த இடத்தில் ஒட்டுப் போடலாம். ஆனால் உப்பலான, சுருக்கம் விழுந்த துணியில் ஒட்டுத் துணி படிந்து உட்காராது. ஒரு பக்கம் விறைத்து நிற்கும். கருநீலக் கம்பளி வெளுத்த பின் அதே நிறத்தில் ஒட்டுத் துணியும் கிடைக்காது.

திறந்த கால்சட்டையில் கதை வேறு. நின்றால் முட்டியை மூடும் அளவுக்கு வெட்டினேன். மண்டியிட்டதும் விளிம்பு இரண்டு விரல் மேலே ஏறிவிடுகிறது. தரையில் தேய்வது உள்ளே போட்ட கறுப்பு நீளக் காலுறை. காலுறையில் ஓட்டை விழுந்தால் அடியில் ஒரு மரக் குமிழை வைத்து, குறுக்கும் நெடுக்குமாக இழையோட்டினால் கால் மணி நேர வேலை. கால்சட்டை அப்படியே தம்பிக்குப் போகும். அன்றைய வீடுகளில் அண்ணன் உடை தம்பிக்கு இறங்குவது வழக்கம் என்பதால் இது சின்ன விஷயமில்லை. கீழ்மடிப்பில் இரண்டு அங்குலம் கூடுதலாக விட்டு வைத்தால் நீளமும் கூட்டிக்கொள்ளலாம். பழைய மடிப்பின் கோடு தெரியும்தான். அந்தக் காலத் தாய்மார்கள் அதற்கெல்லாம் வெட்கப்பட்டிருக்க மாட்டார்கள்.

நாடகத்தில் பேரன் மரப் பொம்மைக் கப்பலைத் தள்ளியபடி மேடை முழுக்க முட்டியால் நகர வேண்டும். ஒத்திகைகள் முடிந்தபோது காலுறை சல்லடையாகியிருந்தது. கால்சட்டை புதிதாகவே இருந்தது.

இதற்கும் குறை உண்டு. காலுறை வழுக்கிக்கொண்டே இருக்கும். அந்தக் காலத்தில் சிறுவர்கள் உள்ளே ஒரு கையில்லாச் சட்டை அணிந்து, அதிலிருந்து தொங்கும் எலாஸ்டிக் பட்டைகளில் காலுறையை மாட்டினார்கள். அதையும் தைத்தேன். பேரன் முகத்தைச் சுளித்தான். நீளத்திலும் கவனம் வேண்டும். 1901-இல் பெர்லினின் ஸ்டெக்லிட்ஸில் தொடங்கிய வாண்டர்ஃபோகல் என்ற நடைப்பயண இளைஞர் இயக்கம் வெற்று முட்டியைப் பழக்கப்படுத்திய பிறகு, 1920-களில் கால்சட்டை நன்றாக மேலே ஏறிவிட்டது. 1910-க்கு அந்த நீளத்தில் தைத்தால் விஷயம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

நான் பேசுவதெல்லாம் நெய்த துணியை வைத்து. பின்னல் கம்பளியில் தைத்த அனுபவம் எனக்கு இல்லை. 1889-இல் ஸ்டுட்கார்ட்டில் வில்ஹெல்ம் பிளைலே தொடங்கிய நிறுவனம் பின்னல் கம்பளியில் மாலுமி உடைகளைச் செய்து பெயர் வாங்கியது. தேய்ந்ததைத் திருப்பி அனுப்பினால் பழுது பார்த்தும் கொடுத்தது. அந்த வசதி வாசலில் இருந்தவர்களுக்கு என் முட்டிக் கணக்கு அவ்வளவு முக்கியமாக இருந்திருக்காது. உடல் அரிக்கும் என்று பையன்கள் புலம்பியது மட்டும் உண்மை.

கைசரின் கப்பற்படை மோகத்தால் பரவிய உடை இது. 1918 நவம்பரில் கீல் நகரில் மாலுமிகளே கிளர்ந்தெழுந்து, சில நாட்களில் அவர் முடியையும் இழந்தார். உடை மட்டும் போகவில்லை. குடியரசு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் பையன்கள் அதைத்தான் போட்டார்கள்.

குடும்பப் புகைப்படத்துக்கு அரைமணி நேரம் நிற்கத்தான் உடை என்றால் பெல்பாட்டம் எடுங்கள், ஓவியத்து இளவரசன் மாதிரியே இருக்கும். வேகமாக வளரும் பிள்ளை, தரையில் புரளாத சாது என்றால் பம்ப்ஹோசெ. மற்றபடி திறந்த கால்சட்டையும், ஒன்றுக்கு மூன்றாகக் கறுப்புக் காலுறையும் வாங்குங்கள். ஆயத்த உடையாக வாங்கினால் கடையிலேயே கீழ் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் அரை அங்குல மடிப்புதான் இருக்கும், இறக்குவதற்கு ஒன்றும் இருக்காது.