ஆஃப்ரோடு டயர்: இரட்டிப்பு விலை எங்கே போகிறது?

நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிக்கு டயர் மாற்றப் போனால், ஒரே அளவில், பார்வைக்கு ஒரே மாதிரியான பட்டன்களோடு (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டிகள்) இரண்டு டயர்களைக் கடையில் எடுத்து வைப்பார்கள். ஒன்றின் விலை மற்றதைப்போல் இரு மடங்குகூட இருக்கலாம். இரு வகையையும் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: காய்ந்த மண் பாதையில், டயர் புதிதாக இருக்கும்வரை, இந்த விலை வித்தியாசம் ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்குத் தெரிவதே அரிது. சேற்றிலும் பெரும்பாலும் பட்டன்களுக்கு இடையிலுள்ள அகலமும் ஆழமும்தான் வேலை செய்கின்றன.

வித்தியாசம் முதலில் வெளிப்படுவது மழை நனைத்த தார்ச் சாலையில்தான். அங்கே பிடிமானத்தைத் தீர்மானிப்பவை ரப்பர் கலவையும், பட்டன்களின் மேல் பிளேடால் கீறியதுபோல் ஓடும் மெல்லிய வெட்டுகளும் ஆகும். ஈரப் பிடிமானத்துக்காகச் சிலிக்கா சேர்த்துக் கலவை தயாரிப்பதற்கும், அவ்வெட்டுகளை அடிவரை இறக்கி அச்சு வார்ப்பதற்கும் செலவு பிடிக்கும். மலிவான டயர்கள் சிலவற்றில் இந்த வெட்டுகள் பட்டனின் பாதி ஆழத்திலேயே நின்றுவிடுவதால், டயர் பாதி தேய்ந்ததும் வெட்டே இல்லாத மொழுக்கென்ற ரப்பர் கட்டிகள்தான் மிஞ்சும். கண்ணுக்கு இன்னும் நிறைய பட்டன் இருப்பதாகத் தெரிந்தாலும், மழையில் பிரேக் பிடிக்கும் தூரம் நீண்டுவிடும். வாங்குமுன் ஒரு மெல்லிய அட்டையை வெட்டுக்குள் செருகிப் பார்த்தால், அது எதுவரை இறங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது இடம் பக்கச்சுவர். மணலில் இறங்குமுன் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்குக் குறைக்கும்போது டயர் பக்கவாட்டில் பிதுங்குகிறது. அதன்பின் கற்கள் நிறைந்த தடத்துக்கு வந்தால் கூரான கல் முதலில் உரசுவது அந்தப் பிதுக்கத்தைத்தான். அங்கே கிழிந்தால் பஞ்சர் பிளக் போட்டுச் சரிசெய்ய முடியாது, டயரையே மாற்ற வேண்டும். பி.எஃப்.குட்ரிச் கே.ஓ.2 போன்ற டயர்களின் பக்கச்சுவரில் மூன்று அடுக்குத் துணியிழைகள் இருப்பது இதற்காகவே. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை: ‘10 பிளை’ என்று டயர்மேல் எழுதியிருப்பது வலிமையின் தரக்குறியீடே தவிர, உள்ளேயுள்ள அடுக்குகளின் எண்ணிக்கை அன்று. உண்மையான எண்ணிக்கை அதே பக்கச்சுவரில் சிறிய எழுத்தில் தனியாக அச்சிடப்பட்டிருக்கும். மலிவு டயர்களிலும் மூன்று அடுக்குள்ளவை உண்டு என்பதால், விலைச்சீட்டைவிட அந்த வரியைப் படிப்பதே பயன்தரும்.

ஒரு டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் காட்டும் சுமைக் குறியீடு 115 என்றால் எந்த நிறுவனத்தின் டயரும் 1,215 கிலோ தாங்க வேண்டும். அதில் மலிவு, உயர்வு என்ற பேச்சில்லை.

தார்ச் சாலையைவிட்டு அரிதாகவே இறங்குபவர் தடித்த உயர்விலை டயரை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கூடுதல் எடை எரிபொருளையும் பயணச் சுகத்தையும் தின்னும். மேலும், நீண்ட பட்டன் ஆயுளுக்காகக் கொடுத்த பணத்தை அவர் அனுபவிப்பதற்குள் ரப்பர் இறுகிவிடும். பட்டன் எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் தயாரித்த 10 ஆண்டுகளுக்குள் மாற்றிவிட வேண்டும் என்பது மிஷெலின் நிறுவனத்தின் பரிந்துரை. பக்கச்சுவரில் 2324 என்று இருந்தால், அது 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. தள்ளுபடியில் கிடைக்கும் டயரில் நான் முதலில் தேடுவது இந்த நான்கு இலக்கங்களைத்தான். தார்ச் சாலையைவிட்டு அரிதாக இறங்குபவருக்கு ஃபால்கன் வைல்ட்பீக் ஏ.டி.3டபிள்யூ போன்ற, சாலையையும் மண்ணையும் சமமாகக் கருதும் டயர் பொருத்தமானது.

பணம் போதவில்லையென்று முன்னால் ஒரு வகையும் பின்னால் வேறொரு வகையும் மாட்டுவது மட்டும் கூடாது. சுற்றளவு சிறிது மாறினாலும் நான்கு சக்கர இயக்கத்தில், முன் பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அந்த வித்தியாசத்தைச் சுமக்க நேரிடும். நான்கு உயர்விலை டயர்களோடு பழைய ஸ்டெப்னியை வைத்துக்கொண்டு காட்டுக்குள் போவதைவிட, வெட்டு ஆழத்தையும் அடுக்கையும் பார்த்துத் தேர்ந்த மலிவான டயர்கள் ஐந்தை ஒன்றாக வாங்கி, ஸ்டெப்னியையும் சேர்த்து முறைமாற்றி ஓட்டுவதையே நான் தேர்ந்தெடுப்பேன்.