'ஆனால்' இல்லாமல் வாதாடுவது: 18 வருடப் பயன்பாட்டு அனுபவம்

2007 ஜூன் 7 விடியற்காலையில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்கள் 376 பேரைப் பொலிஸார் பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்த இரண்டு நாட்களில் எங்கள் நட்புக் கூட்டம் உடையப் பார்த்தது. அப்போது பிறந்த ஒரு வாதாடும் விதியைப் பற்றித்தான் இங்கே சொல்கிறேன்.

நாங்கள் எட்டுப் பேர். தமிழர் நால்வர், சிங்களவர் மூவர், முஸ்லிம் ஒருவர். வெள்ளவத்தையில் சனிக்கிழமைகளில் சந்திப்போம். சோதனைச் சாவடிகள் கூடி, இரவில் வீடு திரும்புவது கஷ்டமானதால் பேச்சு இணைய அரட்டைக்கு மாறியிருந்தது. முகம் தெரியாத இடத்தில் வார்த்தை தடித்துவிடும். "பாதுகாப்புக்காகத்தானே அனுப்பினார்கள்" என்று நுகேகொடைச் சிங்கள நண்பர் எழுத, நான் எழுதிய பதிலை இங்கே சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அப்போது மருதானை முஸ்லிம் நண்பர் ஒரு விதி சொன்னார். ஒருவரை மறுக்க வேண்டுமா? முதலில் அவர் சொன்னதை உன் சொந்த வார்த்தையில் எழுது. "ஓம், அதைத்தான் சொன்னேன்" என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகு உன் பதிலை எழுது. திருப்பி எழுதும்போது 'ஆனால்' வரக்கூடாது. அன்றிலிருந்து இதைத்தான் பாவிக்கிறோம்.

விதி எவ்வளவு கடினம் என்று எனக்குக் காட்டியவரும் அவர்தான். அவருடைய குடும்பம் யாழ்ப்பாணம் சோனகத் தெரு. 1990 ஒக்டோபர் கடைசியில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அவர்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். அதை ஒரு நாள் எழுதினார். நான் மறுக்க நினைத்தேன். அதற்கு முன் திருப்பி எழுத வேண்டுமே. முதல் முறை "ஆனால் அன்றைய சூழலில்" என்று தொடர்ந்தேன். தள்ளினார். இரண்டாம் முறை 'ஆனால்' இல்லை. "பிழை நடந்தது" என்று எழுதினேன். "யார் செய்த பிழை?" என்று கேட்டார். மூன்றாவதும் சரிவரவில்லை. நான்காம் முறை, "எங்களுக்காகப் போராடுவதாகச் சொன்னவர்கள் உங்களை உங்கள் வீட்டிலிருந்து துரத்தினார்கள், நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம்" என்று எழுதினேன். "ஓம்" என்றார். சொல்ல வைத்திருந்த மறுப்பு அதற்குப் பிறகு எனக்குத் தேவைப்படவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். இந்த விதி எல்லாரும் ஒரே அளவு சுதந்திரமாகப் பேசலாம் என்று எடுத்துக்கொள்கிறது. போர்க்காலக் கொழும்பில் அப்படி இருக்கவில்லை. 2008இல் வடக்கிலிருந்து வந்தவர்களைப் பொலிஸில் பதியச் சொன்னார்கள். 2009 ஜனவரி 8இல் 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க பட்டப்பகலில் கொல்லப்பட்டார். அந்த நிலையில் ஒரு தமிழர் எதை எழுத்தில் விட்டுவைப்பார்? எங்கள் மௌனத்தைச் சிங்கள நண்பர்கள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதனால் இரண்டைச் சேர்த்தோம். பேசாதவரிடம் ஏன் பேசவில்லை என்று கேட்பதில்லை. "முதலில் புலிகளைக் கண்டித்துவிட்டுப் பேசு" என்று தமிழரிடமோ, "இராணுவத்துக்கு நீ பதில் சொல்" என்று சிங்களவரிடமோ நிபந்தனை போடுவதில்லை. மூல விதியைவிட இவையே எங்களைக் காப்பாற்றின என்பது என் எண்ணம்.

போர் முடிந்த 2009 மே மாதத்தில் எதுவும் வேலை செய்யவில்லை. தெருவில் பட்டாசு, பாற்சோறு. என் சித்தி செட்டிகுளம் முகாமில் இருந்தார், முகாம்களில் அடைபட்ட 2,50,000க்கும் மேற்பட்டவர்களில் ஒருவர். குழுவில் பல வாரம் யாரும் எழுதவில்லை. ஒரு தமிழ் நண்பர் சொல்லாமலே விலகினார், இன்றுவரை திரும்பவில்லை. அவரைப் பிழை சொல்ல எனக்கு மனம் வராது.

2018 மார்ச்சில் கண்டிக்கு அருகே திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையின்போதும் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் சமூக ஊடகங்களை முடக்கினார்கள். அந்த நாட்களில் தொலைபேசியில் பேசிக்கொண்டோம். பேச்சில் விதியைக் காப்பது இன்னும் கடினம். இப்போது குரல் பதிவுகளிலும் அதே பிரச்சினை, 'ஆனால்' தானாக வாயில் வந்துவிடுகிறது. எழுத்தில் மட்டும் பாவியுங்கள். பத்துப் பேருக்கு மேல் போனாலும் சரிவராது என்று நினைக்கிறேன்.

2022 மே 18. காலிமுகத்திடலில் அரசுக்கு எதிராகக் கூடியிருந்த போராட்டக்காரர்கள் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடத்திக் கஞ்சி கொடுத்தார்கள். நுகேகொடை நண்பரும் என்னோடு வந்து குடித்தார். எதற்கு இந்தக் கஞ்சி என்று கேட்டார். போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் சிக்கிய மக்கள் கஞ்சி குடித்துத்தான் உயிர் பிழைத்தார்கள் என்று சொன்னேன். அன்றிரவு நான் சொன்னதைச் சிங்களத்தில் குழுவுக்குத் திருப்பி எழுதினார். "உப்புக் கஞ்சி" என்று இருந்தது. கடைசி நாட்களில் உப்பும் கிடைக்கவில்லை என்று சித்தி சொன்னதை அவருக்கு எழுதினேன். திருத்தினார். பிறகுதான் நான் "ஓம்" போட்டேன்.