நண்டை நிறுத்துக் காட்டச் சொல்லுங்கள்: யாழ்ப்பாண நகர உணவகம் ஒன்றில் எங்களுக்கு நடந்தது

கடந்த மாதம் அம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக, கனடாவிலிருந்து வந்திருந்த சின்னம்மா குடும்பத்தையும் சேர்த்து நாங்கள் ஆறு பேர், யாழ்ப்பாண நகருக்குள் அண்மையில் திறக்கப்பட்ட உணவகம் ஒன்றுக்கு இரவுச் சாப்பாட்டுக்குப் போனோம். விடுமுறைக்கு வரும் உறவினரை இப்படியான இடங்களுக்கு அழைத்துப் போக நினைப்பவர்கள் பலர் இருப்பதால் இதை எழுதுகிறேன். எங்கள் முறைப்பாட்டுக்கு இன்னும் முடிவு கிடைக்காததால் உணவகத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை.

இடம் உண்மையிலேயே அழகு. பழைய நாற்சார் வீடு ஒன்றைத் திருத்தி, நடுமுற்றத்தில் மல்லிகைப் பந்தல் போட்டு, மரத்தூண்களுக்கு எண்ணெய் பூசி, சுவரெங்கும் சுளகும் பனையோலைப் பெட்டியும் மாட்டி, மாடங்களில் மூக்குப்பேணிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். விறாந்தையில் இருந்த ஆட்டுக்கல்லைத் தடவிப் பார்த்த அம்மா, கலியாணம் முடித்து வந்த புதிதில் இதே அளவான கல்லில்தான் உழுந்து அரைத்ததாகச் சொல்லிக்கொண்டு சற்று நேரம் அங்கேயே நின்றார். அந்த வேலைப்பாட்டில் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

மெனுவில் மற்ற எல்லாவற்றுக்கும் விலை இருந்தது. நண்டுக்கறிக்கு மட்டும் ‘இன்றைய விலை’ என்று அச்சிட்டிருந்தார்கள். “தம்பி, நண்டு எப்ப வந்தது?” என்று சின்னம்மா கேட்டார். “காலமை பாசையூரில எடுத்தது அம்மா, நல்ல நண்டு” என்றார் பரிமாற வந்த பையன். விலை நிறையைப் பொறுத்தது என்றும் சொன்னார். அந்த இடத்திலேயே நிறையையும் கிலோ விலையையும் கேட்டிருக்க வேண்டும், நாங்கள் கேட்கவில்லை.

முதலில் கூழ் வந்தது. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, மேலே தெளியும் நீரை வடித்துக் கைப்பைப் போக்கிய பிறகுதான் கூழில் கரைப்பார்கள். அந்தக் கைப்பு முற்றாகப் போய்விடுவதில்லை. நாவின் அடியில் கொஞ்சம் தங்கிநிற்கும் அந்தச் சுவைக்காகத்தான் ஒடியற்கூழைத் தேடிக் குடிக்கிறோம். இங்கே பனையோலைப் பிளாவில் ஊற்றித் தந்ததில் ஒடியலின் வாசமும் இல்லை, பலாக்கொட்டையும் இல்லை, பயற்றங்காயும் இல்லை. கோதுமை மாவைக் கரைத்துக் காய்ச்சிப் புளியும் மிளகாய்த்தூளும் சேர்த்தது போலவே இருந்தது. உள்ளே இரண்டு றால் கிடந்தன.

நண்டுக்கறி மண்சட்டியில் கொதிக்கக் கொதிக்க வந்தது. ஆனால் அம்மா ஒரு காலை உடைத்து வாயில் வைத்தவுடன் நிறுத்திவிட்டார். குழம்பு நாக்கைச் சுடுகிறது, காலின் உள்ளே சதை குளிர்ந்திருக்கிறது. புதிய நண்டின் சதை இறுக்கமாக, நார் நாராகப் பிரிந்து இனிக்கும். இது களிபோலக் குழைந்து ஓட்டில் ஒட்டிக்கொண்டதோடு, முருங்கையிலை வாசத்தையும் மீறி ஒரு நாற்றம் அடித்தது. பல நாள் உறையவைத்த நண்டைத் தனியாகச் சூடாக்கிய குழம்பில் போட்டிருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அம்மா கடிக்கும் கால்களை மட்டும் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்து எண்ணினார்; நான்கு இருந்தன. ஆகச் சட்டிக்குள் இருந்தவை இரண்டு நண்டுகள், இரண்டின் ஓடுகளும் என் உள்ளங்கைக்குள் அடங்கின.

பில்லில் நண்டு 1,400 கிராம், 9,100 ரூபா என்று இருந்தது. சாப்பாட்டின் மொத்தம் 26,800 ரூபா; அதற்குமேல் 10 சதவீதச் சேவைக் கட்டணமும், இரண்டையும் கூட்டியதன்மேல் 18 சதவீத வற் (பெறுமதி சேர்) வரியும் சேர்த்து 34,786 ரூபா. சேவைக் கட்டணம் பற்றி மெனுவில் ஒரு சொல்லும் இல்லை. வரி அறவிட்ட அந்தப் பில்லில் வற் பதிவு இலக்கமும் இல்லை. பதிவு பெறாத ஒருவர் அந்த வரியை வாடிக்கையாளரிடம் அறவிட முடியாது. முகாமையாளரிடம் கேட்டபோது, நண்டைச் சமையலறையில் நிறுப்பதாகவும் அதற்குச் சீட்டு வைப்பதில்லை என்றும் பணிவாகச் சொன்னார். அம்மாவின் நாளில் சண்டை வேண்டாம் என்று முழுத்தொகையையும் கட்டினோம். இதை எழுதும்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, ஏனென்றால் கனடாவில் பிறந்த சின்னம்மாவின் மகள் முதன்முதலாகக் குடித்த ஒடியற்கூழ் அதுதான். பாதியிலேயே வைத்துவிட்டாள்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி விற்பவர் விலையைக் காட்சிப்படுத்த வேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டும் தர வேண்டும். முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம். நாங்கள் மறுநாளே அழைத்தோம். பில்லின் பிரதியை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கும் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் போவதானால், நண்டைச் சமைக்க முன்னர் மேசைக்குக் கொண்டுவந்து உங்கள் கண்முன் நிறுக்கச் சொல்லுங்கள், கிலோ விலையை எழுதி வாங்குங்கள், சேவைக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேளுங்கள். நிறுத்துக் காட்ட மறுத்தால் நண்டை விட்டுவிட்டு, விலை எழுதியிருக்கும் வேறு கறியை எடுங்கள்.